படம் நின்ற பின்னும் ஓடிய கோடு

ஜன்னத்திடம் வேலை கொண்டுவருகிறவர் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து கேள்வி வந்துவிடும்.

"ஃபோல்டரோட எட்தாந்தியா, வெறும் படமா?"

வெறும் படம் என்றால் கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கேமராவின் மெமரி கார்டில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் அவளுக்கு அப்படியே வேண்டும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை அவளிடம் வேலை கொடுக்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. அவர்கள் அவளை 'ஆட்டம் எடுக்கிற அக்கா' என்பார்கள். குலுங்கிய படத்தைக் குலுங்காமல் ஆக்கித் தருவது அவள் தொழில்.

இப்போது வருகிற சின்னக் கேமராக்கள் படத்தை மட்டும் பிடிப்பதில்லை. உள்ளே அரிசி அளவில் ஒரு சென்சார் உண்டு. கேமரா எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு சாய்ந்தது, எங்கே இடித்துக்கொண்டது என்பதை நொடிக்கு இருநூறு தடவை எண்ணாக எழுதிக்கொண்டே இருக்கும். சில கேமராக்கள் அந்த எண்களைப் படத்துக்குள்ளேயே செருகி வைக்கும். சில, படத்தின் பெயரிலேயே தனியாக ஒரு கோப்பைப் பக்கத்தில் போட்டு வைக்கும். எந்த லென்ஸ், எவ்வளவு அகலம் என்ற விவரமும் படத்தோடு இருக்கும். ஜன்னத் இவற்றை வெளியே எடுப்பாள். கேமரா இடப்பக்கம் சாய்ந்த நொடியில் படத்தை வலப்பக்கம் அதே அளவு சாய்ப்பாள். லென்ஸ் விவரம் தப்பாயிருந்தால் இரும்பு ஏணிகூட ரப்பர் போல வளையும், அதைத் திருத்துவாள். முடிந்ததும் படம் தண்ணீரில் மிதப்பது போல் அமைதியாக ஓடும்.

விம்கோ நகரில் மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் அவள் வீடு. ஒரு முன்னறை, ஒரு சமையலறை. முன்னறையில் ஒரு சுவரை ஒட்டிக் கணினி, எதிர்ச் சுவரை ஒட்டி ஆஸ்பத்திரிக் கட்டில். கட்டிலில் அவள் கணவர் சௌக்கத் அலி. இருபத்திரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வலீமா விருந்தில் கேமராவோடு சரிந்தார். வலது கையும் காலும் அன்றோடு போயின. வாய் கோணிக்கொண்டது, பேச்சு மட்டும் போகவில்லை.

ஜன்னத் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதற்கு நேரமும் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே ராயபுரத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் உதவியாளர் பயிற்சி எடுத்தவள். பிறகு பல வருடம் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் படுத்த படுக்கையானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்திருக்கிறாள். பதினேழு பேரின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். படுத்தவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவரைப் புரட்டிவிட்டு அவர் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அவர் கட்டிலிலிருந்து திட்டத் திட்டக் கற்றுக்கொண்டாள். அவளுடைய வேலை நாள் இன்றைக்கும் இரண்டு மணி நேரத் துண்டுகளாகத்தான் நகர்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத் திருமலை வந்தான். எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவித் தரும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் மேற்பார்வையாளன். தொட்டிக்குள் இறங்குகிறவர் நெஞ்சில் பட்டை கட்டிக் கேமராவை மாட்டி அனுப்புவது அங்கே வழக்கம். உள்ளே எவ்வளவு கசடு போயிற்று என்று தொட்டிக்காரருக்குக் காட்ட வேண்டும். அந்தப் படங்களை நாலு வருடமாக ஜன்னத்திடம்தான் கொண்டுவருகிறான். முதல் தடவை வெறும் படத்தைக் கொண்டுவந்து திட்டு வாங்கித் திரும்பிப் போனவன். அதன் பிறகு ஒருநாளும் ஃபோல்டர் இல்லாமல் வந்ததில்லை.

"இன்னா திருமலை, மூஞ்சி தொங்கிப் போயி கீது?"

"ஒண்ணுமில்லக்கா. இத்த ஆட்டம் எடுத்துக் குடுத்துடு. வெள்ளிக்கெழம லேபர் ஆபீஸ்ல குடுக்கணும்."

"லேபர் ஆபீஸ்ல இன்னாடா, கல்யாணமா?" கட்டிலிலிருந்து சௌக்கத் அலி கேட்டார்.

"நம்ம ஆளு ஒர்த்தன் தொட்டிக்குள்ள பூட்டான் பாய். ராசையான்னு. பேப்பர்ல கூட வந்துச்சே."

சௌக்கத் அலி சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னாலில்லாஹி என்று முணுமுணுத்தார்.

"எறங்கும்போதே மாரடைப்பு. பிபி ஆளு. மாத்திரை போடாம வந்துட்டான். வுழுந்த ஒடனே முடிஞ்சிது. பத்து நிமிஷத்துல மேல தூக்கிட்டோம். கயிறு மாட்டினு இருந்தானா இல்லியான்னு ஆபீஸர் கேக்குறாரு, குலுங்குறதுல தெரியல. அந்தக் கயிறு தெரிஞ்சா போதும்க்கா."

டீ வேண்டாமென்று சொல்லிவிட்டு, உட்காராமலே பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனான்.

பதினொன்றேகாலுக்குக் கணவரை இடப்பக்கம் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துவிட்டு, ஜன்னத் ஃபோல்டரைத் திறந்தாள். ஒரு படம். அதே பெயரில் ஒரு அசைவுக் கோப்பு.

படம் ஒன்பது நிமிடம் இருபது நொடி. உறை போட்ட இரண்டு கைகள் ஏணியைப் பிடித்து இறங்குகின்றன. படத்தின் கீழ் ஓரத்தில், நெஞ்சுக் கொக்கியில் மாட்டிய கயிறு மேலே போகிறது. தலை விளக்கின் வட்டம் கறுப்புச் சுவரில் ஆடுகிறது. யாரோ ஏதோ முணுமுணுக்கிறார்கள், பாட்டாகவும் இருக்கலாம். திடீரென்று எல்லாம் தலைகீழாகி, தொப்பென்று ஒரு சத்தம். அதோடு படம் முடிந்தது.

லென்ஸ் விவரத்தைத் தேடினாள். ஒன்றும் இல்லை. கேமராவிலிருந்து நேராக வந்த படமென்றால் லென்ஸ், அகலம், தேதி எல்லாம் இருக்கும். இதில் துடைத்துவிட்டது போல் வெறுமை. யாரோ இந்தப் படத்தை வேறு எதிலோ திறந்து, வெட்டி, மறுபடி சேமித்திருக்கிறார்கள். வால் பகுதியை வெட்டுவது எல்லோரும் செய்வதுதான். லென்ஸைக் கையால் பொருத்தினாள். ஏணி நேரானது.

அடுத்து அசைவுக் கோப்பைச் சேர்த்தபோது கணினி மறுத்தது. இரண்டும் ஒரே நீளமில்லை என்றது. படம் ஒன்பது நிமிடம். அசைவு ஐம்பத்தெட்டு நிமிடம்.

வெட்டியவருக்குப் பக்கத்தில் இருந்த கோப்பு என்னவென்று தெரிந்திருக்காது. வெட்டிய படத்தைப் பழைய பெயரிலேயே பழைய ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள். திருமலை வழக்கம்போல் ஃபோல்டரோடு கொண்டுவந்துவிட்டான்.

அசைவைக் கோடாக விரித்தாள். அவளுக்கு இந்தக் கோடுகள் கையெழுத்து மாதிரி. நடப்பது தெரிகிறது. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் ஒரு பல் தெரிகிறது. ஒன்பதேகால் நிமிடத்தில் ஒரு நெட்டுக்குத்தான முள், அதுதான் விழுந்தது. அதற்கப்புறம் கோடு படுத்துவிட்டது.

ஆனால் முழுதாகப் படுக்கவில்லை. மேசைமேல் சும்மா வைத்த கேமராவின் கோடு நூல் பிடித்தாற்போல் இருக்கும். இது அப்படியில்லை. மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறியது. ஜன்னத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்தாறு.

"ஃபேன ஏன் நிறுத்தினே?" என்றார் சௌக்கத் அலி. "வேர்க்குது."

அப்போதுதான் கவனித்தாள். எழுந்து போய் மின்விசிறியை அணைத்திருக்கிறாள், எழுந்ததே நினைவில்லை. நோயாளியின் மூச்சை எண்ணுமுன் அவள் எப்போதும் செய்வது அது. காற்றில் போர்வை அசைந்தால் எண்ணிக்கை தப்பும். இந்த அறையில் அப்படி எண்ண யாரும் இல்லை. மின்விசிறியை மறுபடி போட்டாள்.

லென்ஸ் சரிபார்க்க அவள் வைத்திருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையின் படம் ஒன்று கணினியில் இருந்தது. விழுந்த பிறகான அசைவை அந்தப் படத்தின்மேல் ஏற்றி ஓட விட்டாள். கட்டங்கள் திரையில் எழும்பின, தாழ்ந்தன, எழும்பின. மதிய வெயில் சன்னல் வழியாகத் தரையில் கிடந்தது. வெளியே யாரோ குடத்தை நகர்த்துகிற சத்தம்.

கட்டிலிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்த சௌக்கத் அலி கேட்டார். "யாரு தூங்குறது?"

ஜன்னத் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, நேரத்தையும் எண்ணிக்கையையும் எழுத ஆரம்பித்தாள். பத்தாவது நிமிடம், இருபத்தாறு. இருபத்தைந்தாவது நிமிடம், பதினெட்டு. முப்பத்தைந்துக்கு மேல் ஒழுங்கு கெட்டது. நாலைந்து மூச்சு வரவரப் பெரிதாகி, பிறகு வரவரச் சிறிதாகி, நின்றுபோகும். இருபது நொடி ஒன்றுமிருக்காது. மறுபடி தொடங்கும். இந்த நடையை அவள் பதினேழு தடவை பார்த்திருக்கிறாள். இது தொடங்கினால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போன் போடச் சொல்வாள். ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு மூச்சு. நெடிய இடைவெளி. இன்னொன்று. அதற்கப்புறம் இல்லை.

எப்போதும் செய்வது போல அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். கோடு நேராகவே போயிற்று. ஐம்பத்தாறாவது நிமிடத்தில் தாறுமாறாகக் குதித்தது. உடம்பைத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கேமராவை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

பத்து நிமிடத்தில் தூக்கினோம் என்றான் திருமலை. விழுந்ததிலிருந்து நாற்பத்தாறு நிமிடத்துக்கும் மேல். அதில் நாற்பத்தோரு நிமிடம் அவன் மூச்சு விட்டிருக்கிறான்.

அவளுக்குப் புரியாத ஒன்றும் இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் வெடுக் வெடுக்கென்று மூன்று முட்கள், ஒன்றையொன்று ஒட்டி. பதினாலில் மறுபடி மூன்று. பதினேழில் மூன்று. இருபத்தொன்றில் இரண்டுதான், அதுவும் குட்டையாக. இருமல் இப்படி இருக்காது. வலிப்பும் இப்படி எண்ணிவைத்து வராது. அதையும் காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

குறிக்கும்போது இன்னொன்று தோன்றியது. விழுந்ததும் விளக்கு அணைந்திருக்கும். மீதி ஐம்பது நிமிடப் படமும் வெறும் இருட்டுதான். இருட்டை வெட்டி எறிய யாருக்கும் அவசியமில்லை. வெட்டியது இருட்டிலிருந்த சத்தத்தை.

சௌக்கத் அலியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"படத்துல இல்லாதத நாம ஏன் பாக்கணும் ஜன்னத்? குடுத்தத செஞ்சு குடு."

"படத்துல இல்லங்க. ஃபோல்டர்ல கீதே."

"அவன் இனிமே வர மாட்டான், தெரியும்ல?"

"வராட்டி போறான். வாயத் தொறங்க, மாத்திர."

மாத்திரையைப் போட்டுவிட்டுத் திருமலைக்குப் போன் செய்தாள். கண்டதைக் கண்டபடி சொன்னாள். எதிர்ப்பக்கம் லாரிச் சத்தம்.

"நாப்பது நிமிஷமாக்கா?" என்றான். குரல் மாறியிருந்தது.

"நாப்பத்தொண்ணு. ஒனக்குத் தெரியாதா?"

"நான் அந்தப் படத்த கேக்கலக்கா. கார்ட ஆபீஸ்ல குடுத்தேன், அவங்க வெட்டிக் குடுத்தாங்க. வுழுந்ததுமே பூட்டான்னுதான் எல்லாரும் சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "மேல நின்ன ஆள நான்தான் லாரி ரிவர்ஸ் பாக்க அனுப்பினேன். கேட்டுக்கு வெளிய டிராபிக்ல மாட்டிகினாங்க. ராசையா பழைய ஆளு, ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

ஜன்னத் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அக்கா, அந்தக் கோட்ட ஒம்பது நிமிஷத்தோட வெட்டிடு. ஆபீஸர் ஃபோல்டர் கேட்டாக்கா குடுக்கணும். ஒன்ன வுட்டா அது இன்னான்னு எவனுக்கும் தெரியாது. எனக்கும் ரெண்டு பொண்ணு கீதுக்கா."

"வேலைய முடிச்சுட்டுக் கூப்புடறேன்" என்று போனை வைத்தாள்.

அவன் கேட்டது ஐந்து நிமிட வேலை. கோப்பைத் திறந்து, விழுந்த நொடியிலிருந்து கடைசிவரை உள்ள எண்களைத் தேர்ந்தெடுத்து அழித்து, தலைப்பில் முடிவு நேரத்தை மாற்றி எழுத வேண்டும். எத்தனையோ கல்யாணப் படத்துக்குச் செய்திருக்கிறாள். தேர்ந்தெடுத்தும் பார்த்தாள். ஐந்தரை லட்சத்துக்கு மேல் வரிகள் நீலமாயின. உருட்டிக்கொண்டே போனால் எண்கள் கொஞ்சம் கூடின, கொஞ்சம் குறைந்தன, கொஞ்சம் கூடின. விரல் அழிக்கும் பொத்தான்மேல் இருந்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து சௌக்கத் அலி இரண்டு தடவை கூப்பிட்டார்.

நர்ஸிங் ஹோமில் முதல் வாரம் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. நோயாளியின் குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். இதில் தப்பு என்று அடிக்க ஒரு வரியும் இல்லை. கோப்பை மூடினாள். ஒன்பது நிமிடப் படத்தைக் கேட்டபடி ஆட்டமில்லாமல் செய்து, கயிறு தெளிவாகத் தெரிகிற மாதிரி திருமலைக்கு அனுப்பினாள். அசைவுக் கோப்பைத் தொடவில்லை என்று அவனிடமே போனில் சொன்னாள். அவன் போனை வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, பேப்பரில் போட்டிருந்தபடி வியாசர்பாடிக்குப் பஸ் ஏறினாள். தொட்டியில் இறந்தவர் வீடு எது என்று கேட்டதும் குடியிருப்பின் வாசலிலேயே மூன்று பேர் கையைக் காட்டினார்கள். இரண்டாவது மாடி. அலமாரியில் சின்னப் புத்தர் சிலை, அதன் பக்கத்தில் மாலை போட்ட புகைப்படம். ராசையாவின் முகத்தை ஜன்னத் அப்போதுதான் பார்த்தாள். கேமரா அவன் நெஞ்சில் இருந்ததால் படத்தில் அவன் கைகள் மட்டுமே உண்டு.

அவன் மனைவி செங்கொடிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். துணிக் கம்பெனியில் நூல் வெட்டும் வேலை. வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கம்பெனி ஆளா? நேத்தே சொல்லிட்டேன், எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கம்பெனி இல்லமா. ஒன் வூட்டுக்காரர் படத்த ஆட்டம் எடுக்கக் குடுத்தாங்க, அந்த வேல செஞ்சது நான். சாப்ட்டியா?"

"இன்னாத்துக்கு?"

"சாப்ட்டியான்னு கேட்டேன்."

"டீ குடிச்சேன்."

"பன்னு கின்னு எதுனா இருந்தா துன்னு. அப்பால குந்து. நின்னுகினு கேக்குற விஷயம் இல்ல."

செங்கொடி அவளை விநோதமாகப் பார்த்தாள். ஆனாலும் போய் ஒரு வாழைப்பழத்தை எடுத்துத் தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஜன்னத் சின்ன வார்த்தைகளில், ஒரே தடவை சொன்னாள். அவன் உடனே சாகவில்லை. நாற்பத்தோரு நிமிடம் மூச்சு விட்டான். யாரும் வரவில்லை. சாவு வீட்டில் எல்லோரும் கேட்பதும், நோயாளியைப் பார்த்துக்கொண்ட எல்லா ஆயாவும் பொய் சொல்வதுமான ஒன்றை, வலித்திருக்காது என்பதை, அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாது.

செங்கொடி அழவில்லை. "அப்போ மாத்திர?" என்றாள்.

"இன்னா மாத்திர?"

"பிபி மாத்திர தீந்து ரெண்டு நாளு ஆச்சு. வாங்கியாரணும் வாங்கியாரணும்னு நான் மறந்துட்டேன். அதனாலதான் நெஞ்சடைச்சுப் பூட்டான்னு கம்பெனிலருந்து வந்து தெருவெல்லாம் சொல்லிட்டுப் போறான். என் மாமியா என் கையில தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. நானும் அப்டித்தான் நெனச்சுகினு கீறேன்." சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். "நாப்பது நிமிஷம் மூச்சு வுடுவானா நெஞ்சடைச்சவன்?"

"டாக்டருதான் சொல்லணும். ஆனா தூக்கியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான்."

"காமி."

"பாத்துதான் ஆவணுமா?"

"காமிக்கா."

ஜன்னத் மடிக்கணினியைத் தரையில் வைத்துத் திறந்தாள். கோட்டை அதன் உண்மையான வேகத்திலேயே ஓட விட்டாள். இரண்டு பெண்களும் காலை மடக்கி அதன் முன் உட்கார்ந்திருந்தார்கள். கீழே காய்கறி வண்டி வந்து கூவிவிட்டுப் போயிற்று. கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜன்னத் ஒன்றைக் கவனித்தாள். பக்கத்தில் செங்கொடியின் மூச்சு அந்தக் கோட்டோடு சேர்ந்துவிட்டது. அது ஏறும்போது இழுத்தாள், இறங்கும்போது விட்டாள். அவளுக்கே தெரியாமல் நடந்தது அது. ஜன்னத் அவள் தோளைத் தொட்டு, "நீ ஒன் மூச்ச வுடு" என்றாள்.

மூன்று முட்கள் வந்தன.

"இது இன்னான்னு எனக்கே புரியல. இருமலும் இல்ல..."

"நிறுத்து" என்றாள் செங்கொடி.

ஜன்னத் நிறுத்தினாள்.

"இத்த மறுபடி காமி."

வெடுக், வெடுக், வெடுக்.

"கயிறுக்கா அது. உள்ள எறங்குறவன் பேசுனா மேல கேக்காது. ஒரு இழு இழுத்தா நல்லா கீறேன்னு. ரெண்டு இழுத்தா கயிற வுடு. மூணு இழுத்தா தூக்கு. எங்கண்ணன், எங்கப்பன், எல்லாருக்கும் அதான்." திரைக்கு அருகில் குனிந்தாள். "எத்தினி தபா?"

"நாலு தபா. கடேசில ரெண்டுதான்."

"மூணாவத இழுக்க முடியல அவனால" என்றாள் செங்கொடி. கடைசிவரை பார்த்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை எத்தனை மணி என்று கேட்டாள்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயது மனிதர், சளி பிடித்திருந்தது. மேசைக்கு ஒரு பக்கம் திருமலையும் ஒப்பந்ததாரர் அலுவலகத்து ஆள் ஒருவரும். மறுபக்கம் செங்கொடியும் ஜன்னத்தும். ஆட்டமில்லாத ஒன்பது நிமிடப் படத்தை முதலில் போட்டார்கள். கயிறு தெளிவாகத் தெரிந்தது. அலுவலகத்து ஆள் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஜன்னத் அசைவுக் கோட்டைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். திருமலை அவளைப் பார்க்கவே இல்லை.

"சார், இது வெறும் அதிர்வு" என்றார் அலுவலகத்து ஆள். "பக்கத்துல பம்ப் ஓடுது. லாரி போகுது. இந்தம்மா என்ன டாக்டரா?"

"எந்த ஊர்ல சார் பம்பு நிமிஷத்துக்கு இருபத்தாறு தபா ஓடுது?" என்றாள் ஜன்னத்.

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது மூச்சுதான்னு நான் எப்படிம்மா எழுதறது? எதை வச்சு?"

ஜன்னத் பையிலிருந்து ஒரு கேமராவையும் நெஞ்சுப் பட்டையையும் எடுத்தாள். அதே வகைக் கேமரா. லென்ஸ் சரிபார்க்க வைத்திருப்பது. "யாராச்சும் இத்த கட்டிகினு படுங்க சார். நீங்களே பாத்துக்கலாம்."

அறையில் யாரும் அசையவில்லை. கடைநிலை ஊழியர் ஒருவர் கதவுக்கு வெளியே நகர்ந்துகொண்டார். அலுவலகத்து ஆள் தன் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"நான் படுக்கறேன்" என்றாள் செங்கொடி.

சுவரோரம் காத்திருப்போர் பெஞ்சு ஒன்று இருந்தது. அதில் நீட்டிப் படுத்தாள். ஜன்னத் சேலைக்கு மேலாகப் பட்டையைக் கட்டினாள். லென்ஸின்மேல் தன் கைக்குட்டையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். படம் வேண்டியதில்லை.

"ஒரு நிமிஷம் சாதாரணமா வுடு. நான் சொல்றப்போ புடி. முடியுற வரைக்கும் புடி."

அந்த ஒரு நிமிடத்தில் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பட்டை கட்டிய பெண் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். திருமலை எழுந்து நின்றுவிட்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. ஜன்னத் "புடி" என்றாள். செங்கொடி பிடித்தாள். முப்பது நொடி. நாற்பது. கழுத்து நரம்பு புடைத்தது. ஐம்பது.

"விடும்மா" என்றார் அதிகாரி. "விடச் சொல்லுங்க."

அவள் இன்னும் கொஞ்சம் பிடித்திருந்துவிட்டுத்தான் விட்டாள்.

ஜன்னத் கார்டை எடுத்துக் கணினியில் போட்டு, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். மேலே ராசையா, கீழே அவன் மனைவி. ஏறி, இறங்கி, ஒரு கணம் நின்று, மறுபடி ஏறின இரண்டும். அலுவலகத்து ஆள் பம்பைப் பற்றிப் பேசவில்லை.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழ்க்கோட்டில் விரலை வைத்தார். "மூச்சைப் பிடிச்ச இடத்துல நேரா இல்லையே. பொடிப் பொடியா ஏதோ இருக்கே?"

பெரிதாக்கினாள். மணல் தூவினாற்போல் சின்னச் சின்னப் பற்கள், சீராக.

"நெஞ்சு துடிப்பு சார். மூச்சு நின்னாலும் அது ஓடும்."

"அப்ப இவரோட கோட்டுல, மூச்சு நின்னதுக்கு அப்புறம் உள்ள இடத்தைப் பெரிசாக்குங்க."

ஜன்னத்தின் கை நின்றது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மூச்சு நின்றதும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பவள்; பதினேழு பேருக்கும் பார்த்தவள். இந்தப் பதினெட்டாவது ஆளுக்குப் பார்க்க மறந்திருக்கிறாள். ஐம்பதாவது நிமிடத்தைப் பெரிதாக்கினாள்.

பற்கள் இருந்தன. ஐம்பத்தொன்றில் இருந்தன. ஐம்பத்திரண்டில் இடைவெளி விட்டு இருந்தன. ஐம்பத்து நாலில் ஒன்று, பிறகு ஒன்று. அதன் பிறகுதான் நூல் பிடித்த கோடு.

"தூக்கினது எத்தனையாவது நிமிஷம்?" என்றார் அதிகாரி.

"அம்பத்தாறு சார்."

அதிகாரி பேனாவைத் திறந்து, திருமலையைப் பார்த்துக் கேட்டார். "கயிறு யார் கையில இருந்தது?"

அலுவலகத்து ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நின்றுகொண்டிருந்த திருமலை முந்திக்கொண்டான்.

"யாரு கையிலயும் இல்ல சார். மேல கம்பியில கட்டியிருந்துச்சு. கட்டச் சொன்னது நான்தான்."

அதிகாரி எழுதினார். எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டினார். திருமலை கையெழுத்துப் போட்டான்.

செங்கொடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள், பட்டையைக் கழற்றவில்லை. ஜன்னத் அவளுக்குப் பின்னால் போய் நின்று கொக்கியைப் பிடித்தாள். இழுத்துக் கட்டியதில் அது இறுகியிருந்தது.

"மூச்ச வெளிய வுடு" என்றாள். "முழுசா வுடு. அப்பத்தான் கயலும்."